காருக்குச் சாய்தளம், மனிதனுக்குப் படியா?

பழைய மகாபலிபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டித் தெற்கே போகின்றவர்கள் நாவலூரில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தால், ஒரு தலைமுறைக்கு முன் வயலும் தோப்புமாக இருந்த இடங்களிலெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்கள் வானத்தைத் தொடுவதுபோல் எழும்பி நிற்பதைக் காணலாம். பக்கத்துச் சிறுசேரியில் சிப்காட் வந்தது, கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, அவற்றில் வேலை செய்ய ஜனங்கள் வந்தார்கள், அவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீடு வேண்டியவருக்கும் வீடு உடையவருக்கும் நடுவில் தரகர் வந்தார். இதிலெல்லாம் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் அந்தக் கட்டடங்களின் வாசலை மாத்திரம் சற்று நிதானித்துப் பார்க்கும்படி நமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கத் தரையை உயர்த்திக் கட்டியிருக்கின்றார்கள். அது புத்திசாலித்தனந்தான். உயர்த்திய தரைமேல் கார் ஏறவேண்டுமே என்று வழுவழுவென்று சாய்தளம் போட்டிருக்கின்றார்கள். அதுவும் சரிதான். ஆனால் அதே கட்டடத்தில் மனிதன் லிப்டுக்குப் போகும் இடத்தில் மூன்று படி அல்லது ஐந்து படி வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் காணலாம். சக்கர நாற்காலியில் வருகிறவர் அந்தப் படியண்டை நின்று, யாராவது இரண்டு பேர் வந்து தூக்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று வாஸ்துக்காரனைக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுகின்றவர்கள், அந்தப் படியில் ஏற முடியாதவர் எத்தனை பேர் என்று ஒரு நாளாவது எண்ணினார்களா? இரும்பும் ரப்பருமான காருக்குக் கிடைத்த மரியாதை, ரத்தமும் சதையுமான மனிதனுக்குக் கிடைக்காததற்குக் காரணம், கார் முன்ஜன்மத்தில் செய்த புண்ணியந்தானா என்று கேட்கின்றோம்.

நிற்க. இந்தப் படியையாவது இரண்டு பேர் பிடித்தால் ஏறிவிடலாம். இதற்கு முன்னாலேயே தரகர் வைத்திருக்கும் படி ஒன்று இருக்கின்றது. அது கண்ணுக்குத் தெரியாத படி. கண் தெரியாத ஒருவரோ, காது கேளாத தம்பதிகளோ, மூளை வளர்ச்சி குன்றிய குழந்தையை வைத்திருக்கின்ற தாய் தகப்பனோ வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், தரகர்கள் சொல்லும் பதில்கள் ஊருக்கு ஊர் ஒன்றாகவே இருக்கின்றன. “அந்த வீடு நேற்றுத்தான் போய்விட்டது சார்” என்பது ஒன்று. “எனக்கொன்றுமில்லை, ஓனர்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்” என்பது இரண்டு. “அசோசியேஷனில் சங்கடப்படுவார்கள்” என்பது மூன்று. “உங்களுக்கே கஷ்டம் சார், உங்கள் நன்மைக்காகத்தான் சொல்லுகிறேன்” என்பது நான்கு. இந்த நான்காவது பதில்தான் எல்லாவற்றிலும் மோசமானது. ஏனெனில் மற்ற மூன்றும் வெறும் பொய்; இதுவோ பொய்யோடு கருணையையும் கலந்து கொடுப்பதாகும்.

நாவலூருக்குக் கூப்பிடு தூரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் ஒன்றை இந்திய சர்க்கார் 2005-ஆம் வருஷம் முதல் நடத்திவருகின்றது. கண்ணும் காதும் ஒருசேரப் பழுதுபட்ட குழந்தைகளுக்குங்கூட அங்கே பயிற்சி கொடுக்கப்படுகின்றது. சர்க்கார் பணத்தில் ஒரு பிள்ளைக்கு நடக்கவும் பேசவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை இரவில் படுக்க வீடு தேடினால் “இல்லை” என்று சொல்லும் ஊர் அதன் பக்கத்திலேயே இருக்குமானால், அந்தப் பயிற்சியின் பிரயோஜனந்தான் என்ன?

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வீட்டுக்காரரும் தரகரும் பிறவியிலேயே கெட்டவர்கள் அல்ல. அவர்கள் மூளையில் ஏற்றப்பட்டிருக்கும் சரக்கு அப்படிப்பட்டது. விளக்கைத் திருடியவன் குருடாவான், குதிரையைத் திருடியவன் நொண்டியாவான் என்ற முறையில், மனு தர்ம சாஸ்திரத்தின் 11-வது அத்தியாயம் தேகக் குறைகள் பலவற்றுக்கு முன்ஜன்மத் திருட்டைக் காரணமாக்கி வைத்திருக்கின்றது. எனவே ஊனமுற்ற ஒருவரைக் கண்டால் சாஸ்திரம் படித்தவன் மனதில் தோன்றுவது, “இவன் கஷ்டப்படுகிறான், உதவுவோம்” என்பதல்ல. “இவன் பழைய திருடன், அனுபவிக்கிறான்” என்பதேயாகும். திருடனுக்கு எவன் வீடு கொடுப்பான்?

இது ஏதோ புராணக் கதையோடு நின்றுவிடவில்லை. வீட்டுச் சொத்தின் விஷயத்திலேயே இது சட்டமாக இருந்தது. பிறவிக் குருடர், பிறவிச் செவிடர், ஊமை, பைத்தியம் இவர்களுக்குப் பிதுரார்ஜிதத்தில் பங்கில்லை, சோறும் துணியும் போட்டால் போதும் என்று அதே மனு தமது 9-வது அத்தியாயத்தில் எழுதிவைக்க, அதை அனுசரித்துக் கோர்ட்டுகளும் இந்து லா என்ற பெயரால் தீர்ப்புச் சொல்லிவந்தன. 1928-ஆம் வருஷம் இதற்கென்றே ஒரு சட்டம் செய்துதான், தேகக் குறையைக் காரணமாகச் சொல்லிப் பங்கை மறுப்பது நிறுத்தப்பட்டது. அதிலும் பிறவியிலேயே சித்தசுவாதீனம் இல்லாதவர்களை விட்டுவிட்டார்கள். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவுதான், எந்த நோயையும் எந்த ஊனத்தையும் காட்டி எவர் பங்கையும் மறுக்கக்கூடாது என்று முடிவாகச் சொல்லிற்று. அதாவது தகப்பன் வீட்டில் பங்கு கேட்பதற்கே இவ்வளவு காலம் ஆயிற்று. அந்நியன் வீட்டில் வாடகைக்கு இடம் கேட்பதற்கு இன்னும் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்?

கர்மபலனைப்பற்றி இன்னொரு வார்த்தை. நம் நாட்டில் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கால்களை முடக்கிவந்த இளம்பிள்ளை வாதத்தை முன்ஜன்ம பாவம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொட்டு மருந்து வந்தது. 2011 ஜனவரியோடு நம் நாட்டில் அந்த நோய் நின்றது. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்றும் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் 2011-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளில் ஒன்றுகூட முன்ஜன்மத்தில் குதிரை திருடவில்லையா? அல்லது கடவுள் எழுதிய தலையெழுத்தை இரண்டு சொட்டு மருந்து அழித்துவிட்டதா? இதற்குச் சாஸ்திரிகள் என்ன சமாதானம் சொல்லுகின்றார்கள் என்று கேட்கின்றோம்.

சரி, சாஸ்திரம் போகட்டும். இன்றைய சட்டம் என்ன சொல்லுகின்றது? சர்க்கார் 2010-இல் ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றி மாற்றுத்திறனாளிகள் என்று வைத்தார்கள். இழிவுபடுத்தும் சொல்லை விடுவது நல்லதுதான். ஆனால் பெயரை மாற்றினோமே தவிரப் படியை மாற்றினோமா? மாற்றவேண்டுமென்றுதான் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்லுகின்றது. 1995-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் 7 வகை ஊனங்களை மட்டும் ஒப்புக்கொண்டது. இது 21 வகைகளை ஒப்புக்கொள்ளுகின்றது. ஊனத்தைக் காரணமாகக் கொண்டு ஒருவரிடத்தில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 3-வது பிரிவு. மற்றவர்களைப்போல் சமுதாயத்தின் நடுவிலே வாழ அவர்களுக்கு உரிமையுண்டு என்கிறது 5-வது பிரிவு. வீடு வாசல் உடைமையாகக் கொள்ள மற்றவர்களுக்குள்ள பாத்தியமே அவர்களுக்கும் உண்டு என்கிறது 13-வது பிரிவு. அவர்கள் நடமாடத்தக்க விதியை அனுசரிக்காத பிளானுக்கு அனுமதி கொடுக்கக்கூடாது, கட்டிமுடித்தாலும் முடிவுச் சான்று கொடுக்கக்கூடாது என்கிறது 44-வது பிரிவு.

இந்தச் சட்டத்தில் “நியாயமான மாற்று ஏற்பாடு” என்ற பொருளில் ஒரு கருத்து இருக்கின்றது. எல்லோரும் இதை அறிந்துகொள்ள வேண்டும். எதிராளிக்குத் தாங்கமுடியாத பாரம் ஏற்படாத அளவில், ஊனமுற்றவர் மற்றவர்களுக்குச் சமமாக இருப்பதற்கு வேண்டிய மாறுதலைச் செய்துகொடுப்பது என்பதே அதன் கருத்து. வீட்டு விஷயத்தில் இது என்ன? குளிக்கும் அறையில் ஒரு கைப்பிடி. லிப்டுக்குப் பக்கத்தில் அவர் வண்டி நிறுத்த ஓர் இடம். காது கேளாதவர் வீட்டில் மணி அடித்தால் எரிகின்ற ஒரு விளக்கு. கண் தெரியாதவருக்கு ஒப்பந்தப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் முழுதும் படித்துக்காட்டுவது. “குடும்பத்தார் அல்லாதவர் தங்கக்கூடாது” என்ற சங்க விதி இருந்தாலும், உதவிக்கு இருக்கும் ஆளைத் தங்கவிடுவது. இவற்றில் எது வீட்டுக்காரர் குடியைக் கெடுக்கும்?

ஆனால் சட்டத்தை எழுதினவர்கள் ஒரு கையால் கொடுத்ததை விதி எழுதினவர்கள் மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். சட்டம் “செய்தே தீரவேண்டும்” என்று சொல்ல, 2017-இல் வந்த விதிகளில் 15-வது விதி அதை வெறும் யோசனையாக ஆக்கிவைத்தது. ராஜீவ் ரதூரி என்ற கண் தெரியாத ஒருவர் 2005 முதல் நடத்திவந்த வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் 2024 நவம்பர் 8-ந் தேதி அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்து, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்திற்குள் செய்யும்படி இந்திய சர்க்காருக்கு உத்தரவிட்டார்கள். நடக்க வழி கேட்ட ஒரு மனிதர் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியது பத்தொன்பது வருஷம்!

இனி, வீடு விற்போர் விஷயம். ரியல் எஸ்டேட் சட்டம் என்று சொல்லப்படுவதும் அதே 2016-இல் வந்ததுதான். அதன்கீழ் திட்டத்தைப் பதிவு செய்கின்ற கட்டடக் கம்பெனிக்காரர், ஒதுக்கீடு செய்யும்போது எந்தக் காரணத்தை முன்னிட்டும் எவரிடத்தும் பாரபட்சம் காட்டமாட்டேன் என்று ‘பி’ நமூனாவில் பிரமாணம் எழுதிக்கொடுக்கின்றார். வீடு வாங்கின எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆனால் தரகரைக் குறித்து அந்தச் சட்டத்தில் பதிவு உண்டு, கட்டணம் உண்டு, நம்பர் உண்டு. பரீட்சை என்ற பேச்சே இல்லை. நம்பர் இல்லாமல் தரகு செய்தால் 62-வது பிரிவின்படி நாள் ஒன்றுக்குப் பதினாயிரம் ரூபாய் வீதம் தண்டம் ஏறும். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறினாலோ 89-வது பிரிவின்படி முதல் தடவைக்கு மொத்தமாகவே பதினாயிரம் ரூபாய்க்கு மேல் தண்டமில்லை. காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு மனிதனுக்கு இல்லை என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ?

அன்றியும், இந்த ரியல் எஸ்டேட் சட்டம் விற்பனைத் தரகருக்கு மாத்திரமே. வாடகைக்கு வீடு பிடித்துக்கொடுக்கின்றவரை அது தொடுவதேயில்லை. 2019 பிப்ரவரி முதல் நம் மாகாணத்தில் அமலில் இருக்கும் வாடகைச் சட்டமோ வாடகை, முன்பணம், காலி செய்வது ஆகியவற்றைப்பற்றி விரிவாகப் பேசுகின்றதே ஒழிய, இன்னாருக்கு வீடு மறுக்கலாகாது என்று பேசக் காணோம். ஏழைகளும் நடுத்தர ஜனங்களும் தேடுவது வாடகை வீடுதானே? அவர்கள் இடத்தில் சட்டம் வாயை மூடிக்கொள்ளுகின்றது.

மற்ற தேசத்தில் எப்படி என்று பார்ப்போம். அமெரிக்காவில் கறுப்பு மனிதருக்கு வீடு மறுத்த கொடுமை கொஞ்ச நஞ்சமல்ல. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11-ந் தேதி, வீட்டு நியாயச் சட்டம் அங்கே அமலுக்கு வந்தது. 1988-இல் அதில் ஊனத்தையும் சேர்த்தார்கள். அச்சட்டப்படி, காலியாக இருக்கும் வீட்டை இல்லை என்று பொய் சொல்லுவது குற்றம். குடிவருகின்றவரை “உனக்கு என்ன வியாதி” என்று கேட்பது குற்றம். கைப்பிடியோ சாய்தளமோ தமது செலவில் வைத்துக்கொள்ளுகிறேன் என்றால் மறுப்பது குற்றம். 1991 மார்ச்சுக்குப் பிறகு குடியேறிய, நான்கு வீட்டுக்குக் குறையாத புதுக் கட்டடங்கள் சக்கர நாற்காலி போகத்தக்கதாக இருக்கவேண்டும். தரகு லைசென்சுக்குப் படிக்கும் மாணாக்கர்கள் இதைப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதுகின்றார்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கின்றது. ஒருவர் தமது தனி வீட்டைத் தாமே தரகரில்லாமல் விற்றால் சில விலக்குகள் உண்டு. தரகரை வைத்த மாத்திரத்தில் அந்த விலக்குப் போய்விடும். காரணம் என்ன? தரகு என்பது பொதுத் தொழில். கடை திறந்து, பலகை போட்டு, வருவோர் போவோரிடமெல்லாம் கமிஷன் வாங்குகின்றவர் “இது என் சொந்த விஷயம்” என்று சொல்ல யோக்கியதை இல்லாதவர் என்பதேயாகும்.

அமெரிக்காவில் எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2019-இல் நியூஸ்டே என்ற பத்திரிகை லாங் ஐலண்டில் வெள்ளையர் ஒருவரையும் கறுப்பர் போன்ற பிறர் ஒருவரையும் ஜோடி ஜோடியாக ஒரே தரகரிடம் அனுப்பி, ரகசியமாகப் படம் பிடித்துப் பார்த்தபோது, பரீட்சை தேறிய தரகர்களே ஆளுக்கொரு விதமாக நடந்தது வெளிவந்தது. படிப்பு மாத்திரம் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இனி ஆட்சேபணைகளுக்கு வருவோம். “என் வீடு, என் இஷ்டம்” என்பார்கள். கிளப்புக்காரர் இதைத்தான் சொன்னார், கிணற்றுக்காரர் இதைத்தான் சொன்னார், தெருக்காரர் இதைத்தான் சொன்னார். கடைக்கும் ஓட்டலுக்கும் கிணற்றுக்கும் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு பதில் சொல்லிவிட்டது. அதன் பட்டியலில் ஜாதியும் மதமும் பாலும் உண்டு, ஊனம் இல்லை. அந்தக் குறையைப் பார்லிமெண்டு சட்டந்தான் நிரப்பவேண்டும். “செலவு அதிகம்” என்பார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. பிளான் போடும்போதே வைத்தால் அது சிமெண்டும் மணலுந்தான்; கட்டிமுடித்துவிட்டு உடைத்துச் செய்தால்தான் செலவு. குளியலறைக் கதவை இரண்டரை அடிக்குப் பதில் மூன்றடியாக வைப்பதற்கு எந்தக் கம்பெனியும் திவாலானதில்லை. பூமி பூஜைக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ஆகும் செலவில் எத்தனை கைப்பிடிகள் வைக்கலாம் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

“காலையில் முகத்தில் விழித்தால் சகுனம் சரியில்லை” என்பார்கள். இதற்குப் பதில் சொல்லுவதே நமக்கு வெட்கமாயிருக்கின்றது. ஆயினும் சொல்லுகின்றோம். அந்த அகலச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகின்றவர் எவரும் நாளைக்குத் தம் கால் தம்முடையதாகவே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. அதில் தப்பினாலும் கிழத்தனம் ஒன்று இருக்கின்றது. அது சகுனம் பார்த்து வருவதில்லை. இன்று வைக்கின்ற படி நாளைக்குத் தம் தாய்க்கும் தமக்கும் தடை என்பதை அறியாதவர்கள்தான் மற்றவர் முகத்தில் சகுனம் பார்ப்பவர்கள்.

2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் 11 லட்சத்து 79 ஆயிரம் பேருக்கு மேல். இத்தனை பேரும் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. வாடகை கொடுக்கிறோம், வீடு கொடு என்கின்றார்கள். விலை கொடுக்கிறோம், வழி விடு என்கின்றார்கள். கூலி கொடுக்க வருகின்றவரை விரட்டுகின்ற வியாபாரம் வேறெந்த நாட்டிலாவது புத்திசாலித்தனமாகக் கருதப்படுமா?

எனவே நமது கோரிக்கை இதுதான். மகாராஷ்டிர மாகாணத்தில் 2023 முதல் வீட்டு விற்பனைத் தரகர்கள் பயிற்சி பெற்றுப் பரீட்சை தேறவேண்டும் என்று விதி செய்திருக்கின்றார்கள். அதுபோன்ற பரீட்சை தமிழ்நாட்டிலும் விற்பனைத் தரகர், வாடகைத் தரகர் இருவகையாருக்கும் வேண்டும். அந்தப் பரீட்சையில் சதுர அடிக் கணக்கும் பத்திரச் செலவும் இரண்டாவது பாடமாக இருக்கட்டும். எவருக்கும் வீடு மறுக்கலாகாது என்பது முதல் பாடமாக இருக்கட்டும். கம்பெனிக்காரர் எழுதிக்கொடுக்கும் அதே பிரமாணத்தைத் தரகரும் எழுதிக்கொடுக்கட்டும். மீறினால் நம்பரைப் பறிக்கட்டும். வாடகைச் சட்டத்திலும் இதற்கு ஒரு பிரிவு சேர்க்கட்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் சும்மாயிருக்கவும் கூடாது. இதே செங்கற்பட்டு ஜில்லாவில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மகாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அது நம் மாகாணத்தில் சட்டமாக 1989 வரையில் ஆயிற்று. அறுபது வருஷமும் அதைப் பேசிக்கொண்டேயிருந்தவர்கள் இருந்ததால்தான் அவ்வளவிலாவது ஆயிற்று. ஆகவே நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் பக்கத்து வாலிபத் தோழர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஒரே நாளில், ஒரே தரகரிடம், ஒரே வாடகைக்கு, நடந்து வரும் தோழர் ஒருவரும் சக்கர நாற்காலியில் வரும் தோழர் ஒருவருமாகத் தனித்தனியே போய் வீடு கேட்கட்டும். இருவருக்கும் கிடைத்த பதிலைத் தேதியோடு எழுதிவைக்கட்டும். பதில் வேறுபட்டால், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்டிருக்கும் மாகாண ஆணையருக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கட்டும். சாட்சிகளை அழைத்து விசாரிக்கச் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு இருக்கின்றது. நாலுபேர் பார்க்க ஊனத்தைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், 92-வது பிரிவின்படி ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு என்பதையும் தரகருக்கு மரியாதையாக எடுத்துச் சொல்லட்டும்.

அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தோழர்களும் அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: நம் வாசலில் கார் ஏறுகின்றது, மனிதன் ஏறுகின்றானா? ஏறவில்லையென்றால், அந்தப் படியை உடைக்க ஒரு மேஸ்திரியும் இரண்டு நாள் வேலையும் போதும். ஜோசியனையோ வாஸ்துக்காரனையோ கேட்கவேண்டிய அவசியமில்லை.